கைமாறிக் கைமாறி உருமாறிய பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைத் தீர்க்கும் முறை

என் மேசையில் இருப்பது 1974 வாக்கில் ஃபெண்டர் நிறுவனம் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிதார். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனிலிருந்து கிளம்பியபோது இருந்ததில் பாதிதான் இப்போது மிச்சம். பிரிட்ஜ் (தந்திகளைக் கீழ்முனையில் தாங்கும் பாகம்) ஓரத்துப் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் காந்தச் சுருளை, எடுத்துவிட்டு, மரத்தைக் குடைந்து இரட்டைச் சுருள் வகையான ஒரு ஹம்பக்கரை உட்கார்த்தியிருக்கிறார்கள். பிக்கப்புகளைத் தாங்கும் முகத்தகடான பிக்கார்டில் மூன்று குட்டி சுவிட்சுகள். பூட்டு வைத்த டிரெமோலோ (கைப்பிடியால் சுதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ்) ஒன்றை யாரோ மாட்டி, பிறகு வேறு யாரோ கழற்றியிருக்கிறார்கள். அது இருந்த இரண்டு பெரிய துளைகளை மரப்புட்டி அடைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் கார்களுக்கு அடிக்கும் கறுப்புப் பெயின்ட்.

இப்படி ஒரு கிதார் கைக்கு வந்தால் பலரும் 'பழசு, அதனால் கெட்டுவிட்டது' என்கிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. இந்தக் கிதாரில் நான் கண்ட கோளாறுகளில் ஏறக்குறைய எல்லாமே பின்னால் வந்த கைகளின் வேலை. யார் எதை எதற்காக மாற்றினார்கள் என்று கண்டுபிடித்தால் கோளாறும் பிடிபடும். அதனால் திருப்புளியை எடுக்கும் முன் பல கோணங்களில் படம் எடுங்கள். எந்த வேலைக்கு மேல் எந்த வேலை என்று அடுக்குகளைப் பாருங்கள். என் கிதாரில் கறுப்புப் பெயின்ட் புட்டியின் மேல் ஓடுகிறது, ஹம்பக்கர் குழிக்குள்ளும் ஓடுகிறது. ஆகவே பெயின்ட்தான் கடைசி. இந்த வரிசை பின்னால் ரொம்ப உதவியது.

வால்யூம், டோன் திருகுகளுக்கு அடியில் இருக்கும் பாட்களின் (மாறு மின்தடைகளின்) முதுகில் பொறித்த எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் நிறுவனம், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு இலக்கம் வருடம், கடைசி இரண்டும் வாரம். 1377412 என்றால் 1974இன் 12வது வாரத்தில் செய்த பாட். கிதார் அதற்குப் பின்னால்தான் கூடியிருக்க முடியும். மூன்றில் ஒன்றில் மட்டும் 80களின் எண் இருந்தால், அந்தப் பக்கம் ஒரு கை புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறு இருந்தால் நெக்கில், அதாவது கிதாரின் கழுத்தில், தொடங்குங்கள். நெக் சரியாக உட்காராமல் தந்தியின் உயரம் நிலைக்காது. அது நிலைக்காமல் பிக்கப்பின் உயரத்தையோ சுதியையோ சரிபார்ப்பதில் பயனில்லை.

நெக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் நகர்கிறது, மெல்லிய ஈ (E) தந்தி ஓரத்தில் நழுவி விழுகிறது

1971 கடைசியிலிருந்து 80களின் தொடக்கம் வரை ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நெக்கைப் பிடித்திருந்தவை மூன்று ஸ்க்ரூக்கள். அதற்கு முன் நான்கு. மூன்றுதான் குற்றவாளி என்று பேசுவது வழக்கம். ஒழுங்காக முடுக்கிய மூன்று ஸ்க்ரூ நெக்கை என்னால் கையால் நகர்த்த முடிந்ததில்லை. பாடியில் நெக் உட்காரும் குழியைப் பாருங்கள். பெயின்ட் அடித்தவர் குழியின் தரையிலும் அடித்திருப்பார். அந்தப் பெயின்ட் அழுத்தத்தில் மெதுவாக நசுங்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் இன்று முடுக்கியது அடுத்த மாதம் தளர்ந்திருக்கும். குழியின் தரையிலிருந்து கார் பெயின்டை மட்டும் தட்டையான உளியால் சுரண்டி எடுங்கள். அடியில் இருக்கும் பழைய பூச்சில் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது துளைகள். ஸ்க்ரூ பாடியின் துளைக்குள் தடையில்லாமல் நுழைய வேண்டும், நெக்கின் மரத்தில் மட்டும்தான் கடிக்க வேண்டும். பாடியிலும் கடித்தால் எவ்வளவு முடுக்கினாலும் இரண்டுக்கும் நடுவே இடைவெளி நிற்கும். நெக்கின் துளைகள் தேய்ந்திருந்தால் பல்குச்சியும் பசையும் போட்டு ஒப்பேற்றுபவர்கள் உண்டு. ஒரு வருடம் தாங்கலாம். நான் துளையைச் சுத்தமாக அகலப்படுத்தி, மேப்பிள் மரத்தில் கடைந்த முளையை மரப்பசையோடு அறைந்து, ஒரு நாள் காயவிட்டுப் புதுத்துளை போடுகிறேன்.

அந்தக் காலத்து நெக்கில் சாய்வை மாற்றவும் ஒரு வசதி உண்டு. பின்தகட்டில் உள்ள சிறு துளை வழியாக அலன் கீயை விட்டுத் திருப்பினால், உள்ளே இருக்கும் ஸ்க்ரூ நெக்கின் அடியில் பதித்த உலோகச் சில்லைத் தள்ளும். அந்தச் சில்லு தொலைந்துவிட்டதா என்று கழற்றிப் பாருங்கள். தொலைந்திருந்தால் ஸ்க்ரூ நேராக மரத்தையே குத்திக் குழி பறிக்கும். எனக்கு இந்த வசதியைவிட, குழி முழுவதையும் மூடுகிற மெல்லிய மரச்செதில்தான் பிடிக்கும். மரத்தோடு மரம் முழுக்க ஒட்டி நிற்கும். ஸ்க்ரூவை உள்ளே இறக்கி வைத்துவிட்டுச் செதிலைப் போட்டேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம், எதையும் வெட்டவில்லை.

தந்தியை வளைத்தால் ஒலி பாதியில் செத்துப்போகிறது

இந்த நெக்குகளின் விரல்பலகை நன்றாக வளைந்தது, 7.25 அங்குல ஆரம். மெல்லிய தந்தியை நடுப்பக்கம் தள்ளும்போது அது மேடேறி அடுத்த ஃபிரெட்டில் (பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) மோதும். ஆகவே தந்தியை மிகத் தாழ்வாக வைக்க இந்த நெக் இடம் தராது. ஃபெண்டர் சொல்லும் அளவு, 17வது ஃபிரெட்டில் தடித்த ஈ 2 மி.மீ., மெல்லிய ஈ 1.6 மி.மீ. நெக்கின் உட்குழிவு, அதாவது நடுவில் அது லேசாகக் குழிந்திருப்பது, 0.3 மி.மீ. அளவில் இருக்கலாம். முதலில் இந்த அளவுகளுக்குக் கொண்டுவந்துவிட்டு வாசித்துப் பாருங்கள். பாதி கிதார்களில் கோளாறு இங்கேயே தீர்ந்துவிடும். முன்னால் இருந்தவர் தட்டைப் பலகைக் கிதாருக்குப் பழகிய கையோடு பிரிட்ஜை இறக்கியிருப்பார்.

உட்குழிவை மாற்ற, தலைப்பக்கம் துருத்தி நிற்கும் துப்பாக்கிக் குண்டு வடிவ நட்டைத் திருப்ப வேண்டும். அதற்கான சாவி 1/8 அங்குலம், அதாவது 3.175 மி.மீ. நம் கடைகளில் உடனே கிடைப்பது 3 மி.மீ. சாவி. அதுவும் உள்ளே போகும், ஆனால் திருப்பும்போது மூலைகளை வழித்துவிடும். ஐம்பது வருடப் பழைய நட்டின் மூலைகள் வழிந்துவிட்டால் பின்னால் படும் பாடு பெரிது. சரியான சாவியை வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். தந்திகளைத் தளர்த்தி, முதலில் இடப்பக்கம் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். அசைகிறதா என்று தெரிந்த பிறகு வலப்பக்கம் கால் கால் சுற்றாக முடுக்குங்கள்.

அளவெல்லாம் சரி, இன்னும் ஒரே இடத்தில் ஒலி சாகிறது என்றால் அங்கே ஒரு ஃபிரெட் எழும்பியிருக்கிறது. மூன்று ஃபிரெட்டின் மேல் மட்டும் நிற்கும் சிறு இரும்புச் சட்டத்தை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நடு ஃபிரெட் மேடு. உடனே அரத்தை எடுக்காதீர்கள். பெரும்பாலும் அது தன் பள்ளத்திலிருந்து மேலே வந்திருக்கும். மெதுவாகத் தட்டி உட்கார்த்தி, ஓரத்தில் மெல்லிய பசையை ஓடவிட்டால் போதும். ஃபிரெட்டையே மாற்றும் நிலை வந்தால் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து ஃபெண்டர் நெக்குகளில் ஃபிரெட்டுகளைப் பக்கவாட்டிலிருந்து செருகினார்கள். குறடால் மேல்நோக்கிப் பிடுங்கினால் மேப்பிள் பலகை சில்லுசில்லாகப் பெயரும். பக்கவாட்டிலேயே தட்டி வெளியே தள்ள வேண்டும். பழக்கமில்லை என்றால் இந்த ஒன்றை மட்டும் பழகியவரிடம் கொடுங்கள்.

சுதி நிற்கவில்லை

இதுதான் அதிகம் கேட்கும் புகார். சுதிக் கட்டைகளை மாற்றுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் வேலை. தலையில் புதுத்துளைகள் விழுந்ததும் இதனால்தான். அதற்கு முன் காதை வைத்து ஒரு சோதனை செய்யுங்கள்.

ஒரு தந்தியை நன்றாக வளைத்து வாசித்துவிட்டு விடுங்கள். சுதி இறங்கி நிற்கிறதா? அப்படியானால் நட்டுக்குப் (நெக்கின் தலைமுனையில் தந்திகள் பள்ளங்களில் கிடக்கும் துண்டு; முன்பு திருப்பிய நட் வேறு) பின்னால், தலைப்பக்கம் இருக்கும் தந்தித் துண்டை விரலால் ஒருமுறை அழுத்துங்கள். சுதி திரும்ப ஏறினால் தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. வளைக்கும்போது தலைப்பக்கத்திலிருந்து கொஞ்சம் தந்தி முன்னால் வந்தது, விட்டபோது திரும்பிப் போக முடியவில்லை. டிரெமோலோக் கைப்பிடியை அழுத்தி விட்டால் இதற்கு நேர்மாறு. சுதி ஏறி நிற்கும், ஒரு தரம் வளைத்தால் இறங்கி வந்து சேரும். இரண்டு சோதனையும் ஒத்துப்போனால் குற்றம் நட்டில்தான். சுதி சேர்க்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டால் சாட்சியும் கிடைத்துவிட்டது.

என் கிதாரில் பித்தளை நட். 70களின் கடைசியில் கார்வை கூடும் என்று பலரும் பித்தளைக்கு மாறினார்கள். இங்கே அதற்கு வேறொரு காரணம். பூட்டு டிரெமோலோ மாட்டியவர், பூட்டு நட்டுக்காக நெக்கின் அந்த முனையைச் சமமாக வெட்டி, நெக்கின் ஊடாக இரண்டு துளையும் போட்டிருக்கிறார். அடுத்து வந்தவர் அந்த வெட்டை மறைக்கப் பித்தளைத் துண்டும் அடியில் பிளாஸ்டிக் அட்டையும் வைத்துவிட்டார். நான் வெட்டிய இடத்தில் மேப்பிள் துண்டை ஒட்டி, பழைய உயரத்துக்கு இழைத்து, எலும்பு நட் வைத்தேன். பள்ளங்களின் ஆழத்துக்கு என் அளவுகோல் இது. மூன்றாவது ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்தால் முதல் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடம் இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். பள்ளம் தலைப்பக்கம் லேசாகச் சரிந்து, தந்தி போகும் திசையையே பார்க்க வேண்டும்.

நட்டைச் சரிசெய்தும் சுதி திரும்பவில்லை என்றால் பிரிட்ஜுக்கு வாருங்கள். பழைய டிரெமோலோவை முன்பக்கம் ஆறு ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும். ஆறையும் இறுக்கிவிட்டால் அது ஆடவும் ஆடாது, திரும்பவும் திரும்பாது. ஓரத்து இரண்டை மட்டும் தகட்டைத் தொடும் அளவு வைத்து, நடு நான்கையும் ஒரு முடி தளர்த்துங்கள். தகட்டின் பின்பக்கம் பாடியிலிருந்து 3 மி.மீ. எழும்பி நிற்கும்படி ஸ்பிரிங்குகளைச் சமன் செய்யுங்கள்.

ஆனால் ஸ்க்ரூ பிடிக்க மரம் இருந்தால்தானே? பூட்டு டிரெமோலோவின் தூண்கள் நின்ற இரண்டு துளைகளும் அதே வரிசையில்தான் விழும். புட்டியில் ஸ்க்ரூ நிற்காது, தந்திகளின் இழுப்பில் பிரிட்ஜ் மெல்ல முன்னால் சாயும். நான் இந்தக் கிதாரில் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான். புட்டியைத் தோண்டி எடுத்தேன். அடியில் இருந்தது ஆஷ் மரம். அதே மரத்தில் முளை செய்தேன், அதுவும் நீளவாக்கில் கடைந்த உருளை இல்லை. கடையில் கிடைக்கும் உருளையில் நார் மேலிருந்து கீழாக ஓடும். அதில் ஸ்க்ரூ போட்டால் நாருக்கு நடுவே பிளந்துகொண்டு இறங்கும், பிடிப்பு குறைவு. பலகையின் முகத்திலிருந்து வெட்டி எடுத்த முளையில் பாடியின் நாரும் முளையின் நாரும் ஒரே திசையில் ஓடும். ஒட்டிக் காய்ந்த பிறகு ஆறு துளைகளையும் புதிதாகப் போட்டேன். வெளியே எந்தத் துளையையும் பெரிதாக்காமல் முடிந்ததில் எனக்கு நிறைய சந்தோஷம்.

ஒரு பிக்கப்பில் சத்தமே இல்லை, அல்லது விட்டுவிட்டு வருகிறது

பிக்கார்டைத் திறக்கும் முன் கேபிளைக் கிதாரில் செருகி, மறுமுனையின் நுனிக்கும் உடலுக்கும் நடுவே மல்டிமீட்டரில் மின்தடை பாருங்கள். வால்யூம் முழுதாகத் திறந்திருக்கட்டும். நல்ல சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் 5.5 முதல் 6 கிலோ ஓம் வரை காட்டும். இரண்டு பிக்கப் சேரும் இடத்தில் அதில் ஏறக்குறைய பாதி. 70களில் பெயர்பெற்ற, சத்தம் மிகுந்த டிமார்சியோ ஹம்பக்கர் போல ஒன்று என்றால் 13 கிலோ ஓமுக்கு மேல். பூச்சியம் என்றால் எங்கோ இரண்டு ஒயர் தொட்டுக்கொள்கிறது.

ஒரு இடத்தில் 250 கிலோ ஓம் காட்டினால் பலர் குழம்புவார்கள். அது பிக்கப்பின் அளவு இல்லை. பிக்கப்பின் சுருள் அறுந்துபோனதால் வால்யூம் பாட் மட்டும் மீட்டருக்குத் தெரிகிறது. மூன்று இடத்திலும் இதே எண் வந்தால் சுருள்களைச் சந்தேகிக்காதீர்கள், சுவிட்சுக்கும் வால்யூமுக்கும் நடுவே இணைப்பு போயிருக்கும். குட்டி சுவிட்சுகள் இருக்கும் கிதாரில் முதல் சந்தேகம் அவற்றின் ஈயப்பற்றுகள் மேல்தான். நான் மூன்றையும் கழற்றி, மூல வரைபடப்படி நேராக இணைத்தேன். பாதி நோய் அதில் போனது.

சுருளே அறுந்திருந்தால் பதறாமல் பூதக்கண்ணாடியை எடுங்கள். அந்தப் பிக்கப்புகளில் முடியைவிட மெல்லிய செம்புக்கம்பி ஏழாயிரம் சுற்றுக்கு மேல், நேராகக் காந்தங்களைச் சுற்றியே ஓடுகிறது. வியர்வையும் கடற்காற்றும் காந்தத்தில் துரு ஏற்றினால் ஒட்டியிருக்கும் கம்பி அரித்துப்போகும். ஆனால் பெரும்பாலும் அறுந்திருப்பது வெளியே, கம்பி கண்ணியில் பற்றவைத்த இடத்தில். அங்கே நுனி கிடைத்தால் திரும்பப் பற்றவைக்கலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஒரு தந்தி சத்தமாகக் கேட்கிறது என்று காந்தத்தை விரலால் உள்ளே தள்ளாதீர்கள். உள்சுற்று அந்த நொடியே அறுந்துவிடும். அந்தக் காலத்து ஏறி இறங்கும் காந்த வரிசை, ஜி தந்தி சுற்றிய தந்தியாக இருந்த நாளைக்கு அமைத்தது. இன்றைய வெற்று ஜி உரக்கக் கேட்பது இயல்பு.

இரண்டு பிக்கப் சேர்ந்தால் ஒலி மெலிந்து குழாய்க்குள் பேசுவது போல் இருக்கிறது

இரண்டும் எதிரெதிர் கட்டத்தில் இருக்கின்றன, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கி ஒலியைக் கழித்துக்கொள்கின்றன. புதிதாக வந்த ஹம்பக்கரை மாட்டியவர் பழசோடு பொருத்திப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பிக்கப்பையும் தனியே மீட்டரில் இணைத்து, இரும்புத் திருப்புளியைக் காந்தத்தில் சட்டென்று ஒட்டுங்கள். அளவு ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டும் ஒரே பக்கம் போக வேண்டும். போகாவிட்டால் ஹம்பக்கரின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றுங்கள், திரையான வெற்றுக் கம்பி மட்டும் எர்த்திலேயே இருக்கட்டும். ஒரே ஒயரும் சுற்றிப் பின்னல் உறையும் கொண்ட பழைய வகை ஹம்பக்கர் என்றால் மாற்ற முடியாது, உறையே மின்சமிக்ஞை ஆகிவிடும். அப்போது சிங்கிள் காயிலின் ஒயர்களைத்தான் மாற்ற வேண்டும்.

இரைச்சல்

தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? அப்படியானால் கிதார் நலம். சிங்கிள் காயிலின் சுபாவம் அது. 70களின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நடு பிக்கப்பின் சுருள் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் சுற்றியது இல்லை, ஆகவே இரண்டு சேரும் இடத்திலும் இரைச்சல் அடங்காது. அதைக் கோளாறு என்று நினைத்துப் பழைய பிக்கப்பை மாற்றிவிடாதீர்கள்.

தொட்டும் குறையவில்லை என்றால் தந்திகளுக்கு எர்த் இல்லை. பின்பக்க ஸ்பிரிங் கொக்கியில் பற்றவைத்த ஒயரைப் பாருங்கள். டிரெமோலோ மாற்றியவர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். பெரிய உலோகம் சூட்டை உறிஞ்சும், சின்ன சால்டரிங் அயர்ன் போதாது.

தொடும்போது அதிர்ச்சி அடித்தால் உடனே நிறுத்துங்கள். அது கிதாரின் கோளாறு இல்லை, ஆம்பின் (ஒலிபெருக்கியின்) அல்லது சுவர் பிளக்கின் எர்த் கோளாறு. இரண்டு முள் கம்பியோடு வரும் பழைய அமெரிக்க வால்வு ஆம்பை, மூன்று முள் எர்த் கம்பி போடும்வரை நான் யாரையும் தொடவிடுவதில்லை. தந்தியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் உயிர் போகலாம்.

ஹம்பக்கர் மந்தமாக, அல்லது மற்ற இரண்டும் கூச்சலாக ஒலிக்கின்றன

பாட்டின் மதிப்பைப் பாருங்கள். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் பழகியது, ஹம்பக்கருக்கு 500. ஹம்பக்கரை வைத்துக்கொள்வதென்றால் 500 வால்யூம் போட்டு, சிங்கிள் காயில் ஒவ்வொன்றின் இரண்டு ஒயருக்கும் குறுக்கே 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். அந்தப் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் அதற்கு 250 போலத் தெரியும். நடுவும் நெக்கும் சேரும் இடம் லேசாக மங்கும், எனக்கு அது பிடித்தே இருந்தது.

தடித்த ஈ தந்தியில் 12வது ஃபிரெட்டுக்கு மேல் இரண்டு சுதி கேட்கிறது

காந்தம் தந்தியை இழுக்கிறது. பிக்கப்பை இறக்குங்கள். கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து, தடித்த பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. என்று தொடங்கி, காது கேட்டபடி இன்னும் இறக்கலாம். இதைச் செய்யாமல் பிரிட்ஜில் தந்திகள் கிடக்கும் சேடில்களை நகர்த்தி ஒத்திசைவு பார்ப்பவர்கள் ஒரு மாலையை வீணாக்குவார்கள்.

கறுப்புப் பெயின்ட் பிசுபிசுக்கிறது, உரிகிறது

கடைசியாகத்தான் இதைத் தொட்டேன். 70களின் ஃபெண்டர் பூச்சு தடித்த பாலியெஸ்டர். தின்னருக்கு அது அசையாது, மேலே அடித்த லாக்கர் வகைப் பெயின்ட் கரையும். ஆகவே அடியில் மூலப்பூச்சு முழுதாக இருந்தால் அதைத் திரும்பப் பெற வழி உண்டு. நெக் குழியின் ஓரத்தில் பஞ்சால் ஒரு விரற்கடை துடைத்துப் பார்த்தேன். கறுப்பு பஞ்சில் வந்தது, அடியில் மஞ்சளும் பழுப்புமாக சன்பர்ஸ்ட் மினுங்கியது. மேசையை விட்டு எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் கொண்டுபோய் நின்று பார்த்தேன்.

ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறையோடு, பிக்கார்டும் நெக்கும் அருகில் இல்லாமல் செய்யுங்கள். பிளாஸ்டிக்கும் தலையில் உள்ள எழுத்தும் தின்னரில் போய்விடும். பெயின்ட் கரையவில்லை என்றால் அது கெட்டியாக்கி கலந்த வகை, ஈர உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். மஞ்சள் தெரியத் தொடங்கிய இடத்தில் நிறுத்திவிடுங்கள். பிரிட்ஜுக்கு முன்னால் என் ஆஷ் முளைகளின் விளிம்பு இரண்டு பிறையாக வெளியே தெரிகிறது. அதன் மேல் நிறம் பூசவில்லை.

ஹம்பக்கர் குழியையும் அடைக்கவில்லை. புதிய பிக்கார்டு அதை மூடுகிறது, பிரிட்ஜ் ஓரத்தில் இப்போது சிங்கிள் காயில். கழற்றிய ஹம்பக்கர், பித்தளை நட், துளைபோட்ட பழைய பிக்கார்டு, மூன்று குட்டி சுவிட்சுகள் எல்லாம் ஒரு துணிப்பையில், பாட் எண்களும் இணைப்பு வரைபடமும் எழுதிய தாளோடு கேஸின் மூலையில் இருக்கின்றன.